புயல் வரும் ஊரில் வீட்டுக்கு இன்சூரன்ஸ்: எதை எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் யாரிடமாவது இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நேராகச் சம்பா நெல்லுக்குப் போய்விடும். வி.ஏ.ஓ.விடம் பயிர்ப் பதிவுத் தாளான அடங்கல் வாங்கி, நவம்பர் பாதிக்குள் பணம் கட்டி, அறுப்பு முடிந்த பிறகு நம்ம ஊருக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள், பக்கத்து ஊருக்கு எவ்வளவு என்று மாதக்கணக்கில் பேசுவோம். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, டிராக்டருக்கு இருக்கிறது, சில வீடுகளில் மாட்டுக்குக்கூட இருக்கிறது. ஆயுளில் ஒரு தடவை கடனை உடனை வாங்கிக் கட்டுகிற வீட்டுக்கு மட்டும் இருப்பதில்லை.

ஏன் என்று கேட்டால் திரும்பத் திரும்ப வருகிற பதில்கள் மூன்று. அதெல்லாம் டவுனில் ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு. புயல் வந்தால் அரசாங்கம் கொடுக்கும். கட்டினாலும் கம்பெனிக்காரன் ஏதாவது காரணம் சொல்லித் தரமாட்டான். மூன்றுமே அங்கங்கே காதில் விழுந்ததைச் சேர்த்துக் கட்டிய எண்ணங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, கடலோரத்தோடு நிற்காமல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி என்று உள்ளே வந்து ஓட்டையும் ஷீட்டையும் தென்னையையும் சேர்த்துச் சாய்த்துப் போட்டது. அதற்குப் பத்து வருடம் முன்னால் நிஷா, அதற்கும் முன்னால் 2004-ல் சுனாமி. ஒரு வீட்டின் ஆயுளுக்குள் இவ்வளவும் வந்துபோகிற மண்ணில் இருந்துகொண்டு, வீட்டுக் காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இருப்பது நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அடியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் மூன்று பணத்தைப் பிரித்துக்கொள்வோம்

புயலுக்குப் பிறகு கைக்கு வரக்கூடிய பணம் மூன்று விதம். நம்ம குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருவது.

ஒன்று, நிவாரணம். இது அரசு தருகிற உதவி. ஒன்றிய அரசு 2022-ல் திருத்திய அளவுகோலில், சமவெளியில் முழுக்க இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000, குடிசைக்கு ரூ.8,000, குறைந்தது 15 சதவீதம் சேதமான கல் கட்டட வீட்டுக்கு ரூ.6,500 என்று இருக்கிறது. மாநில அரசு சில சமயம் இதற்கு மேல் சேர்த்துத் தரும். தவிக்கிற நேரத்தில் அது பெரிய விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது அன்றைக்குத் தலைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளக் கொடுக்கிற பணம். ரூ.6,500-ல் ஷீட், கொக்கி, ஆள் கூலி என்று கணக்குப் போட்டால் ஓர் அறைக்கே இழுபறியாக இருக்கும். உங்கள் வீட்டைக் கட்ட எவ்வளவு ஆனது என்பதற்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே கிடையாது.

இரண்டு, பயிர் காப்பீடு. இதில் கணக்கு பெரும்பாலும் வருவாய் கிராமம் முழுவதற்கும் சேர்த்து. ஊரில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுத்து, எடை போட்டு, அந்தச் சராசரியை முந்தைய ஆண்டுகளின் மகசூலோடு ஒப்பிடுவார்கள். உங்கள் வயல் முழுகியிருந்தாலும் ஊர் சராசரி இறங்காவிட்டால் பணம் வருவது கஷ்டம். இன்சூரன்ஸ் என்றாலே ஏமாற்று என்று நம்ம ஆட்கள் சொல்வதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மூன்று, வீட்டுக் காப்பீடு. இதில் ஊர் சராசரி எதுவும் கிடையாது. தெருவில் இருக்கிற மற்ற வீடெல்லாம் நன்றாக இருந்து, உங்கள் ஒரு வீட்டின் மேல் மட்டும் தென்னை மரம் விழுந்தாலும் உங்களுக்குப் பணம் உண்டு. மாவட்டத்தைப் பேரிடர் பாதித்த பகுதி என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. இது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓர் எழுத்து ஒப்பந்தம். அதில் எழுதியிருப்பது நடந்தால், அதில் எழுதியிருக்கிற அளவுக்குள், ஆன நட்டத்தைத் தர வேண்டும்.

ஆக, நிவாரணம் உதவி, பயிர் காப்பீடு ஊர்க் கணக்கு, வீட்டுக் காப்பீடு உங்கள் வீட்டுக் கணக்கு. நிவாரணம் வாங்கியவர் காப்பீடும் கேட்கலாம், ஒன்று வந்தால் இன்னொன்று போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

மொய் விருந்தும் பிரீமியமும்

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடப்பது தெரியும். ஊர் கூடிச் சாப்பிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாக எழுதினாலும் ஒரே நாளில் ஒருவர் கையில் பெரிய தொகை சேர்ந்துவிடுகிறது. பலரிடம் சிறிது சிறிதாக வாங்கி, தேவைப்பட்ட ஒருவரிடம் மொத்தமாகக் கொடுப்பது. காப்பீட்டின் உயிர்நாடியும் இதேதான். ஓராயிரம் வீட்டுக்காரர்கள் வருடா வருடம் ஒரு சிறு தொகை கட்டுகிறார்கள். அதற்குப் பெயர் பிரீமியம். அந்த வருடம் வீடு இடிந்த சிலருக்கு அந்தப் பணம் போகிறது.

வித்தியாசம் இரண்டு இடத்தில் வருகிறது, அந்த இரண்டையும் புரிந்துகொண்டால் போதும்.

மொய் என்றைக்காவது திரும்பி வரும், நோட்டில் பெயர் இருக்கிறது. பிரீமியம் திரும்பி வராது. பத்து வருடம் கட்டினேன், ஒன்றும் ஆகவில்லை, பணம் வீண் என்று வருத்தப்படுகிறவர்கள் இதை மொய் மாதிரியோ முடிவில் பணம் திரும்பி வருகிற எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசி மாதிரியோ நினைத்துக் கட்டியவர்கள். அந்தப் பத்து வருடமும் வீடு இடிந்திருந்தால் யார் கட்டித் தருவது என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது, அதற்குத்தான் பணம் போனது. பெரும்பாலான சாதாரண வீடுகளுக்கு ஆண்டு பிரீமியம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது, பல வீடுகளுக்கு அதைவிடக் குறைவு.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியம். மொய் ஊருக்குள் சுற்றுகிற பணம். கஜா மாதிரி ஒரே ராத்திரியில் மொய் எழுதுகிறவர், வாங்குகிறவர் எல்லோருடைய தோப்பும் சாய்ந்துவிட்டால், யார் யாருக்கு எழுதுவது? சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் இந்த இடத்தில்தான் உடைகிறது, ஏனென்றால் நம்ம சொந்தமும் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனி பணத்தை நாடு முழுவதும் வாங்குகிறது. பேராவூரணியில் புயல் அடிக்கிற அன்று போபாலிலும் ஜெய்ப்பூரிலும் பிரீமியம் கட்டியவர்களின் வீடு நின்றுகொண்டிருக்கும். அதற்கு மேலும், கம்பெனிகள் தங்கள் சுமையில் ஒரு பகுதியைக் கட்டணம் கொடுத்து இன்னொரு பெரிய கம்பெனியிடம் தள்ளிவிடுகின்றன. இதற்கு மறுகாப்பீடு என்று பெயர். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனம் ஜி.ஐ.சி. ரீ இந்த வேலையைத்தான் செய்கிறது. ஊரே ஒன்றாக விழுகிற ஆபத்துக்கு ஊருக்கு வெளியே இருக்கிற பணம் வேண்டும், அவ்வளவுதான் இதன் சூத்திரம்.

எதனால் இடிந்தால் பணம் வரும்?

முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி பாலிசி விற்றதால் படித்துப் புரிந்துகொள்வதே பாடாக இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரே அச்சில் ஒரு வீட்டுப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்றாக வேண்டும் என்று கொண்டுவந்தது. பெயர் பாரத் கிரஹ ரக்ஷா. ஏஜென்ட் எந்தக் கவர்ச்சியான பெயரைச் சொன்னாலும், முதலில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதன் அடிப்படை விதிகள் எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். விலையும் சேவையும்தான் மாறும்.

இதில் நமக்கு வேண்டிய ஆபத்துகள் எல்லாம் தனியாகக் கேட்காமலே உள்ளே இருக்கின்றன: புயல், வெள்ளம், தண்ணீர் சூழ்ந்து நிற்பது, சுனாமி, இடி, நிலநடுக்கம், தீ, கேஸ் சிலிண்டர் வெடிப்பு. வெளியிலிருந்து ஏதாவது வந்து மோதுவதும் உண்டு, அதில் மரம் விழுவது சேரும், வண்டி வந்து சுவரில் இடிப்பது சேரும். தென்னந்தோப்புக்குள் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி மட்டுமே பிரீமியத்துக்குப் பெறும். தண்ணீர்த் தொட்டி உடைந்து ஆகிற சேதமும் உண்டு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. புயல், வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து ஏழு நாளுக்குள், அதையொட்டி வீட்டில் திருட்டுப் போனால் அதற்கும் இந்தப் பாலிசி பொறுப்பு. பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கும்போது, ஓடு பறந்த வீட்டில் சாமான் என்ன ஆகிறதோ என்று தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இடிபாட்டை அள்ளிப் போடுகிற செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம் வரை, என்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை, வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறு வீட்டு வாடகை என்று சில சின்னச் சின்ன உதவிகளும் கூடவே வருகின்றன.

எதற்கு வராது

இங்கேதான் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்ற சண்டை தொடங்குகிறது. திடீரென்று நடப்பதற்குத்தான் காப்பீடு. மெதுவாக அரிப்பதற்குக் கிடையாது. சுவரில் ஓதம் ஏறுவது, கரையான், வருடாவருடம் ஒழுகி ஒழுகி இற்றுப்போன தளம், பூச்சு உதிர்வது, புது வீடு மண்ணில் அமர்வதால் விழுகிற விரிசல் இதெல்லாம் பராமரிப்புக் கணக்கு. நம்ம களிமண் பூமியில் கோடையில் விடுகிற வெடிப்பும் மழையில் அது உப்பிக்கொள்வதும் சுவரை என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். அந்த விரிசலைக் காட்டி வெள்ளச் சேதம் என்று கேட்டால் நிற்காது.

கடலோரத்திலும் கொள்ளிடக் கரையிலும் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கொள்ளிடம் கரைமீறி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அது வெள்ளம், பாலிசியில் உண்டு. ஆனால் ஆறோ கடலோ வருடக்கணக்கில் கரையை அரித்து அரித்து, அடிமண் போய் வீடு சரிந்தால் அது அரிப்பு, விலக்கு என்று எழுதியே இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். அந்த மாதிரி பெருவெள்ளத்தில் அரிப்பும் வெள்ளமும் ஒன்றாக நடக்கும், எது எதனால் என்ற வாதம் வரும். கரையிலிருந்து நாலு எட்டில் வீடு இருந்தால் பாலிசி வாங்கும் முன்பே இதை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தென்னை, மா, பலா எதுவும் வீட்டுக் காப்பீட்டில் வராது. தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் தனி, மாட்டுக்குத் தனி, வண்டிக்குத் தனி.

இதுவரை பார்த்தது: காற்று, நீர், தீ, மோதல் இவற்றால் சட்டென்று ஆகிற சேதம் உள்ளே, தேய்வு, அரிப்பு, கரையான் வெளியே.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது: தப்பு நடக்கிற இடம்

என்னைக் கேட்டால், எந்தக் கம்பெனி என்ற கேள்வியைவிட இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதுகிற தொகைக்குக் காப்பீட்டுத் தொகை என்று பெயர். வீடு முழுக்கப் போனால் அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய பணம் அது. ஏஜென்ட் அவசரத்தில் ஒரு ரவுண்டான எண்ணை எழுதுவார், நாமும் தலையாட்டுவோம்.

அந்த எண் எதைக் குறிக்க வேண்டும்? அதே வீட்டை, அதே இடத்தில், இன்றைய கூலியில், இன்றைய சிமெண்ட், கம்பி, மணல் விலையில் மறுபடி கட்ட எவ்வளவு ஆகுமோ அது. வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்பதைக் கேட்கவில்லை. பத்திரத்தில் போட்டிருக்கிற மதிப்பையும் கேட்கவில்லை. மனையின் விலை இதில் வரவே வராது, ஏனென்றால் எந்தப் புயலும் மனையைத் தூக்கிக்கொண்டு போகாது.

ஒரு கணக்குப் போடுவோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் 800 சதுர அடி காங்கிரீட் வீடு. கொத்தனார் சதுர அடிக்கு 2,000 ரூபாய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 லட்சம். காம்பவுண்டு சுவர், கேட், மாடித் தொட்டி, வெளியே இருக்கிற கழிவறை எல்லாம் சேர்த்து இன்னும் 2 லட்சம். ஆக 18 லட்சம், இதுதான் சரியான தொகை. மெயின் ரோட்டு மனை என்பதால் அதை விற்றால் 45 லட்சம் போகும் என்று வையுங்கள்.

45 லட்சத்துக்கு எடுத்தால் என்ன ஆகும்? வருடா வருடம் இரண்டரை மடங்கு பிரீமியம் கட்டுவீர்கள், வீடு தரைமட்டமானாலும் கட்டுகிற செலவு 18 லட்சம்தான் கிடைக்கும். காப்பீடு ஆன நட்டத்தை ஈடு செய்யும், அதற்கு மேல் லாபம் தராது.

சரி, பிரீமியத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று 9 லட்சத்துக்கு எடுத்தால்? முழு வீடும் போனால் 9 லட்சத்தோடு நிற்கும், மீதிக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். இது எல்லோருக்கும் புரிகிறது. புரியாதது, பாதிச் சேதம் ஆகும்போது நடப்பது. முன்புறத் தளமும் சுவரும் விழுந்து 4 லட்சம் செலவு என்று வைப்போம். நான் 9 லட்சத்துக்கு எடுத்திருக்கிறேன், கேட்பது 4 லட்சம்தானே, முழுசாகத் தருவார்கள் என்று நினைப்போம். பழைய மாதிரி பாலிசிகளில் அப்படி இல்லை. 18 லட்சம் மதிப்புள்ளதை 9 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள், அதாவது பாதி ஆபத்தை நீங்களே சுமக்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதனால் எந்த நட்டத்திலும் பாதி உங்களுடையது என்று 2 லட்சம்தான் தருவார்கள். இதற்குக் குறைக் காப்பீடு என்று பெயர். புயலுக்குப் பிறகு, கேட்டதில் பாதியை வெட்டிவிட்டான் என்று மனசு வெறுத்துப் பேசுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அவர்களுக்கு யாரும் முன்கூட்டி இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

பாரத் கிரஹ ரக்ஷாவில் இந்த வெட்டை எடுத்துவிட்டார்கள். நம்ம உதாரணத்தில் 4 லட்சமும் கிடைக்கும். அதற்காகக் குறைத்து எழுதச் சொல்லவில்லை, முழு வீடும் போனால் 9 லட்சம் என்ற உச்சவரம்பு அப்படியேதான் இருக்கிறது. தரைப் பரப்பையும் கட்டுமானச் செலவையும் வைத்துத்தான் தொகையைக் கணக்கிடுகிறார்கள். வெளிச்சுவரின் கனத்தை விட்டுவிட்டு உள்ளே நடமாடுகிற பரப்பைத்தான் எடுப்பார்கள். ஆகவே உங்கள் ஊர் கொத்தனார் சொல்கிற ரேட் எந்தப் பரப்புக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளி அளவுக்குச் சொன்ன ரேட்டை உள் அளவோடு பெருக்கினால் தொகை குறைந்துவிடும்.

பழைய ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முற்றம், தேக்குத் தூண், மர உத்தரம், செட்டாக இழைத்த நிலை, கதவு என்று தாத்தா காலத்து வீட்டை வைத்திருந்தால் சாதாரண சதுர அடி ரேட் எதற்கும் காணாது. ஆசாரியைக் கூட்டிவந்து மர வேலைக்குத் தனியாக மதிப்புப் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வருடமும் கூலி ஏறுகிறதே, தொகை பின்தங்கிவிடாதா? பின்தங்கும். இந்தப் பாலிசியைப் பத்து ஆண்டு வரை மொத்தமாக எடுக்கலாம். அப்படி எடுத்தால் வருடத்துக்கு 10 சதவீதம் வீதம் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை தானாக ஏறும், அதற்குக் கூடுதல் பணம் கிடையாது. வருடாவருடம் புதுப்பிக்க மறந்துபோகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்களுக்கு நீண்ட காலப் பாலிசிதான் நல்லது என்பது என் எண்ணம்.

வீட்டுக்குள் இருப்பவை

கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம் அளவுக்கு, அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் காப்பு கூடவே வந்துவிடும். பட்டியல் தர வேண்டியதில்லை. 18 லட்சத்து வீட்டுக்கு 3,60,000 ரூபாய். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி, கிரைண்டர், துணிமணி இதற்குள் வரும். போதாது என்றால் பட்டியல் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

நகை இதில் வராது, தனியாகச் சொல்லி மதிப்பைப் பேசிச் சேர்க்க வேண்டும். ரொக்கம் கிடையாது. வண்டி கிடையாது. விற்பதற்காகத் திண்ணையில் அடுக்கியிருக்கிற நெல் மூட்டை வீட்டுச் சாமான் கணக்கில் வராது என்று நினைத்து நடந்துகொள்வதே பாதுகாப்பு. மழை நேரத்தில் கரண்ட் ஏறி இறங்கி டிவி மட்டும் புகைந்துபோனால், அந்த டிவிக்குப் பணம் வராது. அதிலிருந்து தீப்பிடித்து மற்றவை எரிந்தால் மற்றவற்றுக்கு வரும்.

கூரை வீடு, கோயில் மனை, பூட்டிக் கிடக்கும் வீடு

நம்ம பக்கத்து வீடுகள் விண்ணப்பப் படிவத்தில் அச்சடித்த மாதிரி இருப்பதில்லை. கீற்றுக் கூரை, மூங்கில், தார்ப்பாய் போட்ட வீட்டைக் கச்சா கட்டடம் என்று தனி வகையாக வைக்கிறார்கள். முன்பக்கம் காங்கிரீட், பின்பக்கம் சமையல்கட்டு மட்டும் கீற்று என்று இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கூடும் என்று மறைத்தால், சேதத்துக்குப் பிறகு பார்க்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கீற்றுதான்.

கோயில் மனையிலோ மடத்து மனையிலோ அடிமனை வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள் டெல்டாவில் ஏராளம். இவர்கள், பட்டா நம்ம பெயரில் இல்லையே, நமக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். காப்பீடு பார்ப்பது, அந்தப் பொருள் அழிந்தால் யார் பணம் போகிறது என்பதை. கட்டடத்தைக் கட்டியது நீங்கள், வீட்டு வரி உங்கள் பெயரில், மின் இணைப்பு உங்கள் பெயரில் என்றால் அந்த நட்டம் உங்களுடையது. இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போய் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து திறக்கிற வீடுகளுக்கு, ஆள் இல்லாமல் கிடக்கிறது என்பதைக் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

வங்கியில் கடன் இருக்கிறதா?

வீட்டுக்கடன் வாங்கியபோதே இன்சூரன்ஸ் போட்டுவிட்டார்கள் என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தத் தாளை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். சில சமயம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கு எடுத்த பாலிசி. அவர் இறந்தால் கடன் அடையும், கூரை பறந்தால் ஒரு ரூபாய் வராது. வீட்டுக்குத்தான் எடுத்திருக்கிறார்கள் என்றால், எந்தத் தொகைக்கு என்று பாருங்கள். கடன் பாக்கிக்கு மட்டும் எடுத்திருந்தால், இழப்பீடு முதலில் வங்கிக்குப் போய்க் கடனை அடைக்கும், இடிந்த வீடு இடிந்தபடியே உங்கள் கையில் இருக்கும். வங்கி சொல்கிற கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

வாசலில் கடை வைத்திருப்பவர்கள்

வீட்டு முன்னால் மளிகைக் கடை, தையல் கடை, உரக் கடை என்று இருந்தால் அந்தப் பகுதிக்கு வீட்டுப் பாலிசி ஒத்துவராது. சிறு தொழில்களுக்கு, 5 கோடி ரூபாய் மதிப்பு வரை, பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று அதே 2021-ல் வந்த பாலிசி இருக்கிறது. கவனம், மேலே சொன்ன குறைக் காப்பீட்டு வெட்டு இதில் முழுசாக எடுபடவில்லை. 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் விட்டுவிடுவார்கள், அதற்கு மேல் என்றால் வெட்டுவார்கள். தீபாவளிக்குச் சரக்கு ஏற்றுகிற மாதம்தான் புயல் மாதமும் என்பதால், அந்த நேரத்துச் சரக்கு மதிப்பை வைத்துத் தொகையை எழுதுங்கள்.

எப்போது, யாரிடம்

பிரீமியம் கம்பெனி கைக்குப் போன பிறகுதான் காப்பு தொடங்கும், இது சட்டம். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த பிறகு ஓடினால், கம்பெனிகள் அந்தப் பகுதிக்குப் புதுப் பாலிசி போடத் தயங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. ஆடி, ஆவணியில் முடித்துவிட்டால் நிம்மதி.

எல்.ஐ.சி.யில் இது கிடைக்காது, அது உயிருக்கு மட்டும். பொதுக் காப்பீட்டுக் கம்பெனியிடம் போக வேண்டும். அரசுத் துறையில் யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, ஓரியண்டல், நேஷனல் என்று நாலு இருக்கின்றன, தனியாரும் உண்டு. இரண்டு, மூன்று இடத்தில் அதே தொகைக்கு விலை கேட்டுப் பார்த்து, பக்கத்து டவுனில் கிளை இருக்கிற இடமாக எடுப்பது நல்லது. புயலுக்குப் பிறகு நாலு நாள் போன் வேலை செய்யாது, நேரில் போய் நிற்க ஓர் இடம் வேண்டும்.

சேதம் ஆன பிறகு

முதல் வேலை போட்டோ. ஒவ்வொரு அறையையும், விழுந்த மரம் விழுந்தபடி இருக்கும்போதே, தேதி தெரிகிற மாதிரி எடுங்கள். அப்புறம் கம்பெனிக்குத் தகவல். போன் போகவில்லை என்றால் போனதும் முதல் காரியமாக. கோரிக்கைப் படிவத்தைச் சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பும். இவர் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. நட்டத்தை மதிப்பிட உரிமம் பெற்றவர். அவர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது, அது தப்பு. மேலும் சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்பதால், போட்டோ எடுத்த பிறகு தார்ப்பாய் போட்டு மூடுங்கள், நனைந்த சாமானை ஏற்றிவையுங்கள். உடைந்த ஓட்டையும் ஷீட்டையும் மட்டும் அவர் பார்க்கும்வரை ஒரு மூலையில் குவித்து வையுங்கள், குப்பையில் போட்டுவிடாதீர்கள். செலவு ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பாலிசி, வீட்டு வரி ரசீது, கட்டியபோது எடுத்த பில் இவற்றின் படத்தை வெளியூரில் இருக்கிற பிள்ளையின் வாட்ஸ்அப்பில் இப்போதே அனுப்பி வைத்துவிடுங்கள். கஜாவில் வீட்டோடு தாளும் நனைந்துதான் போனது.

கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள், அல்லது குறைத்துவிட்டார்கள் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டோடு காரைக்காலும் அவர் எல்லைக்குள் வரும். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். புகாரை நீங்களே எழுதலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, கட்டணமும் கிடையாது.